பதிலி

2018 கோடையில் அப்பா எங்களோடு கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் மூன்று மாதம் இருந்தார். அம்மா இறந்த அடுத்த வருடம் அது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்று ஒரு நாள் ஓக்லண்ட் கொலிசியத்துக்கு பேஸ்பால் பார்க்கப் போனோம். பார்ட் ரயிலை விட்டு இறங்கினால் மைதானம் வரைக்கும் ஒரு நீள நடைபாலம், இரண்டு பக்கமும் கம்பி வலை. அந்தப் பாலத்தில் தண்ணீர் பாட்டிலும் தோலோடு உப்புப் போட்டு வறுத்த கடலையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு பை கடலை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். அன்றைக்கு ஓக்லண்ட் ஏ'ஸ் அணிக்குப் பந்து வீசியவர் எட்வின் ஜாக்சன்.

அப்பாவுக்கு கிரிக்கெட் தெரியும். பேஸ்பால் விதிகளை நான் சொல்ல ஆரம்பித்ததும், "அதெல்லாம் பாத்துக்கலாம் கண்ணு" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வலது பக்கக் கூட்டத்தில் அடித்துக்கொண்டிருந்த டிரம் சத்தத்துக்குக் கொஞ்ச நேரம் தலையாட்டினார். அப்புறம் நடுவில் மண்மேட்டில் நிற்கிற மனிதரை மட்டும் பார்க்கத் தொடங்கினார். எனக்கும் பேச ஏதாவது வேண்டியிருந்தது. இவருக்கு 34 வயசு, 2003-இலிருந்து ஆடுகிறார், இது இவருக்குப் பதிமூன்றாவது அணி, இதற்கு முன் ஆக்டேவியோ டோட்டெல் என்ற ஒருவர் மட்டும்தான் பதிமூன்று அணிக்கு ஆடியிருக்கிறார் என்று சொன்னேன். அப்பா ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "பதினஞ்சு வருசத்துல பதிமூணு எடமா? இவரை எதுக்குடா எல்லாரும் அனுப்பிச்சு அனுப்பிச்சு உட்டாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கேட்கிறார் என்றுதான் தோன்றியது. அப்போது நான் அமெரிக்கா வந்து பதினேழு வருடம், எட்டாவது நிறுவனம். மூன்று இடத்தில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தேன். ஓர் இடத்தில் வியாழக்கிழமை காலை பதினைந்து நிமிட அழைப்பில் முடித்து அனுப்பினார்கள், மத்தியானத்துக்குள் மடிக்கணினி திறக்கவில்லை. ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் கோயம்புத்தூரிலிருந்து அப்பா போனில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதாச்சும் நெலைக்குமா கண்ணு?" அவர் ஒரே நூற்பாலையில் முப்பத்தி நாலு வருடம் வேலை பார்த்தவர். ஒரே கேட், ஒரே சங்கு. அவர் ஜாக்சனைப் பற்றிக் கேட்டதை நான் என் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். பதில் சொல்லாமல் ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை விடவில்லை.

இருபது வயசுப் பையன்

ஜாக்சன் பிறந்ததே ஊர் விட்டு ஊரில்தான். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் பிறந்தது அன்றைய மேற்கு ஜெர்மனியின் நோய்-உல்ம் நகரத்தில், 1983-இல். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸில். 2001-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி ஆறாவது சுற்றில் எடுத்தது. இரண்டே வருடத்தில், 2003 செப்டம்பர் 9 அன்று, பெரிய லீக்கில் முதல் ஆட்டம். அன்றைக்கு அவருக்கு இருபதாவது பிறந்தநாள். எதிரில் அரிசோனாவுக்குப் பந்து வீசியவர் ரேண்டி ஜான்சன். ஆறடி பத்து அங்குல உயரம், அந்தத் தலைமுறையின் பெரிய இடது கைப் பிட்சர், மறுநாள் நாற்பது முடியப் போகிறவர். பையன் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தான். டாட்ஜர்ஸ் 4-1 என்று ஜெயித்தது.

இப்படி ஒரு தொடக்கத்தைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த பதினைந்து வருடம் லாஸ் ஏஞ்சலஸில் இவன் கொடிதான் என்று நினைப்பார்கள். அது நடக்கவில்லை. பந்து வேகமாகப் போனது, ஆனால் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. இரண்டு வருடம் கீழே மைனர் லீக்குக்கும் மேலே பெரிய லீக்குக்குமாக அலைந்தார். 2006 ஜனவரியில் டாட்ஜர்ஸ் அவரைத் தாம்பா பே அணிக்குக் கொடுத்துவிட்டு வேறு இரண்டு பிட்சர்களை வாங்கிக்கொண்டது. பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சர் பேரிலும் எழுதுவார்கள். அங்கே 2007-இல் இவர் கணக்கில் ஐந்து வெற்றி, பதினைந்து தோல்வி. அந்தக் காலத்துத் தாம்பா பே தோற்பதற்கென்றே இருந்த அணி என்பதால் பொறுமையாகத் தொடர்ந்து வீசவிட்டார்கள். அடுத்த வருடம் அதே அணி உலகத் தொடர் என்கிற இறுதித் தொடர் வரைக்கும் போனது, ஜாக்சன் பதினாலு ஆட்டம் ஜெயித்தார். அந்த டிசம்பரிலேயே டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டெட்ராய்ட்டில் 2009-இல் ஆல் ஸ்டார் ஆனார், அதாவது அந்த வருடத்துச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானார். அந்த டிசம்பரில் அரிசோனாவுக்கு.

இந்த 'டிரேட்' என்கிற ஏற்பாட்டை நம் ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தையே ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறது. போகிறாயா என்று அவரைக் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதி வாங்கியவர்களை விட்டால், பெரிய லீக்கில் பத்து வருடம் முடித்து, அதில் கடைசி ஐந்து வருடத்தைத் தொடர்ச்சியாக ஒரே அணியில் ஆடியவர்களுக்கு மட்டும் முடியாது என்று சொல்லும் உரிமை உண்டு. ஜாக்சன் பதினேழு பருவம் ஆடினார். எங்குமே ஐந்து வருடம் இருக்கவில்லை. அந்த உரிமை அவர் கைக்கு வரவே இல்லை.

நூற்று நாற்பத்து ஒன்பது

2010 ஜூன் 25 பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பழைய ஒளிப்பதிவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

அரிசோனா சட்டையில் ஜாக்சன் தாம்பா பேயின் கூரை போட்ட மைதானத்துக்கு வருகிறார். இரண்டு வருடம் முன்பு வரை அவருக்குச் சொந்த மைதானம். எதிரில் பழைய கூட்டாளிகள். தொடங்கியதுமே எல்லாம் தப்பாகப் போகிறது. பந்து ஸ்ட்ரைக் பகுதிக்குள், அதாவது பேட்டர் அடிக்க வேண்டிய எல்லைக்குள், விழ மறுக்கிறது. நான்கு பந்து வெளியே போனால் பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போய்விடலாம், அதற்கு 'வாக்' என்று பெயர். முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் ஏழு பேரை அப்படி நடக்க விட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர்கூட அவுட் ஆகாமல் மூன்று பேஸும் நிறைந்துவிட்டது. எந்த மேனேஜராக இருந்தாலும் அந்த இடத்தில் போன் எடுத்து இன்னொரு பிட்சரைத் தயார் செய்யச் சொல்வார். ஜாக்சன் அங்கிருந்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வெளியே வந்தார். அதுவரை ஒருவரும் அவரை அடித்து பேஸுக்குப் போகவில்லை. அரிசோனாவுக்கு இரண்டாவது இன்னிங்ஸில் ஆடம் லரோஷ் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன். 1-0.

அப்படியே இன்னிங்ஸ் ஓடுகிறது. ஐந்து, ஆறு, ஏழு. இன்னும் ஒரு ஹிட் இல்லை. இப்படியே ஒன்பது இன்னிங்ஸும் முடித்தால் அதற்கு 'நோ-ஹிட்டர்' என்று பெயர். எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. நூறு பந்து தாண்டினால் பிட்சரின் தோளைப் பற்றி எல்லோரும் கவலைப்பட ஆரம்பிக்கிற காலம் அது. இவருக்கு நூற்றுப் பத்து, நூற்று இருபது, நூற்று முப்பது. மேனேஜர் ஏ.ஜே. ஹிஞ்சுக்குப் பெரிய சங்கடம். எடுத்தால் நோ-ஹிட்டரைப் பறித்தவர் ஆவார், விட்டால் ஒரு இருபத்தாறு வயசுக்காரனின் கையைக் கெடுத்தவர் ஆவார். ஜாக்சன் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஒரு ஹிட் விழும்வரைக்கும் நான் வெளியே வர மாட்டேன். ஹிஞ்ச் விட்டுவிட்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் முகத்தைப் பாருங்கள். வியர்வையில் கழுத்துப் பட்டை கறுத்துப் போயிருக்கிறது. எட்டாவது வாக் அங்கேதான் போனது. கடைசியில் ஜேசன் பார்ட்லெட் தரையோடு அடித்த பந்தை ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற ஸ்டீபன் ட்ரூ எடுத்து வீச, ஆட்டம் முடிந்தது. 149 பந்து. கிட்டத்தட்டப் பாதி ஸ்ட்ரைக்கே இல்லை. 2005-க்குப் பிறகு பெரிய லீக்கில் ஓர் ஆட்டத்தில் யாரும் அத்தனை பந்து வீசியதில்லை. அரிசோனா அணியின் வரலாற்றில் அதற்கு முன் நோ-ஹிட்டர் வீசியவர் ஒரே ஒருவர். அது ரேண்டி ஜான்சன்.

அழகான ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. பேஸ்பால் பிரியர்கள் பலர் அதை அசிங்கமான நோ-ஹிட்டர் என்பார்கள். எட்டு வாக் கொடுத்து என்ன பெரிய சாதனை என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டையே போட்டிருக்கிறார். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையை வரிசையாக எழுதிப் பார்த்தால் எல்லா வாக்கியத்திலும் அனுப்பினார்கள், கொடுத்தார்கள், மாற்றினார்கள், விடுவித்தார்கள் என்றுதான் வரும். வினையைச் செய்கிறவர் எப்போதும் வேறு யாரோ. போ என்று சொன்ன போதெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர். அந்த ஓர் இரவு மட்டும், அந்த ஒரு மண்மேட்டிலிருந்து, நான் போக மாட்டேன் என்றார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 30 அன்று, அரிசோனா அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டது.

அடுத்த வருடம் இன்னும் மோசம். 2011 ஜூலை 27 காலையில் அவர் சிகாகோக்காரர். அன்றே டொராண்டோவுக்கு மாற்றினார்கள். டொராண்டோ அவரை ஒரு பந்துகூட வீசவிடாமல் அன்றே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றிவிட்டது. ஒரே நாளில் மூன்று நகரம். ஆனால் அந்த அக்டோபரில் கார்டினல்ஸ் உலகத் தொடரை ஜெயித்தது. நான்காவது ஆட்டத்தில் பந்துவீச்சைத் தொடங்கியவர் ஜாக்சன். அதில் தோற்றார்கள். இருந்தாலும் ஜெயித்த அணிக்குத் தருகிற மோதிரம் அவருக்கும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2007 முதல் 2013 வரை ஏழு வருடம், ஒவ்வொரு வருடமும் முப்பது ஆட்டத்துக்கு மேல் அவர் தொடங்கியிருக்கிறார். ஐந்து நாளைக்கு ஒரு முறை பிட்சரின் முறை வரும். முழங்கைத் தசைநார் அறுந்து, தோள் கிழிந்து, வருடக்கணக்கில் காணாமல் போகிறவர்கள் நிறைந்த தொழிலில், ஏழு அணிகளின் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இவர் தன் முறையைத் தவறவிடவே இல்லை. புதிய ஊர், புதிய கேட்சர், புதிய சைகைகள், பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் புதிய வீடு. நானும் வேலை மாறியிருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் காபி இயந்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியவே ஒரு வாரம் ஆகும். முதல் மாதம் என் வேலை என் வேலையாகவே இருக்காது. இவர் இறங்கின ஓரிரு நாளில் முப்பதாயிரம் பேர் முன்னால் வீசினார்.

சரி, பிறகு இறக்கமும் வந்தது. 2012-இல் வாஷிங்டனுக்கு ஆடி முடித்தவரைச் சிகாகோ கப்ஸ் நான்கு வருடத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஓரிடத்தில் நான்கு வருடம் இருக்கலாம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது. 2013-இல் எட்டு வெற்றி, பதினெட்டுத் தோல்வி. அடுத்த வருடம் ஆறுக்குப் பதினைந்து. 2015 நடுவில் மிச்சச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அட்லாண்டா, மயாமி, சான் டியாகோ, பால்டிமோர், மறுபடி வாஷிங்டன். அப்பாவின் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. சிகாகோ ஒப்பந்தத்துக்கு முன்பு அவரைக் கொடுத்தவர்கள், யாரோ அவருக்காக விலை கொடுக்க வந்ததால் கொடுத்தார்கள். அதற்குப் பின்பு விட்டவர்கள், சரியாக வீசாததால் விட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பதிமூன்று என்று ஒரே எண்ணாக நான் அப்பாவிடம் சொன்னது அந்த மனிதருக்குச் செய்த அநியாயம்.

கேட்டில் நிற்பது

2018-இல் அவர் ஓக்லண்டுக்கு வந்த கதை இது. வாஷிங்டனின் மைனர் லீக் அணியில் இருந்தவர், மேலே கூப்பிடவில்லை என்று அங்கிருந்து விலகினார். ஜூன் தொடக்கத்தில் ஓக்லண்ட் அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்து நாஷ்வில்லில் வைத்தது. ஏ'ஸின் பிட்சர்கள் அந்த வருடம் ஒருவர் பின் ஒருவராக அறுவை சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாருக்காவது கை போனால் இவரைக் கூப்பிடலாம். போனது, கூப்பிட்டார்கள். ஜூன் 25 அன்று, அந்த 149 பந்துக்குச் சரியாக எட்டு வருடம் கழித்து, ஏ'ஸ் சட்டையில் முதல் ஆட்டம். அந்தப் பருவத்தில் பதினேழு ஆட்டம் தொடங்கி ஆறு வெற்றி, மூன்று தோல்வி. யாரும் எதிர்பார்க்காத ஓக்லண்ட் 97 ஆட்டம் ஜெயித்தது.

ரயிலில் திரும்பும்போது அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நாஷ்வில் வரைக்கும் வந்ததும் அவர் குறுக்கே புகுந்தார்.

"அப்ப இவரு பதிலிங்கறயா?"

எனக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். அவர் மில்லில் நிரந்தரம் ஆனது சேர்ந்து ஆறு வருடம் கழித்துத்தான். அதுவரைக்கும் பதிலி. ஷிப்டுக்கு அரை மணி முன்னால் கேட்டுக்கு வெளியே பதிலிகள் வரிசையாக நிற்க வேண்டும். கையில் பதிலி கார்டு. சங்கு ஊதினதும் டைம் ஆபீஸ்காரர் வெளியே வந்து, உள்ளே யார் வரவில்லையோ அவருக்குப் பதிலாக ஆளைக் கூப்பிடுவார். ஸ்பின்னிங்கில் இரண்டு பேர், கார்டிங்கில் ஒருவர். பெயர் வந்தால் உள்ளே ஓட வேண்டும். அன்றைக்கு எந்த மெஷின் என்று மேஸ்திரி சொல்லும் வரைக்கும் தெரியாது. எதைக் கொடுத்தாலும் தெரிந்தவன் மாதிரி ஓட்ட வேண்டும், இழை அறுந்தால் அறுந்த கணக்கு பதிலி பேரில்தான். பெயர் வராவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"உங்க பாட்டி தூக்குப்போசில சோறு போட்டுக் குடுத்திருக்கும். கூப்புடாத அன்னைக்கு அதை அப்படியே திருப்பிக் கொண்டாந்து திண்ணைல வெக்கோணும். அம்மா ஒண்ணும் கேக்காது. போசியத் தூக்கிப் பாத்தாலே கனத்துல தெரிஞ்சுக்கும்."

முப்பத்தி நாலு வருடம் ஒரே கேட் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த கணக்கில் இந்த ஆறு வருடம் இருக்கிறது என்று எனக்கு அன்று வரை தெரியாது. நிலைத்து நின்றவர் என்று நான் நினைத்தவர் கேட்டுக்கு வெளியே நின்றவர். "இதாச்சும் நெலைக்குமா" என்று அவர் போனில் கேட்டதை நான் குறையாகவே கேட்டுப் பழகியிருந்தேன். அந்தத் திண்ணையும் அந்தப் போசியும் தெரிந்த பிறகு அந்தக் கேள்வி என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

அப்புறம் அந்த 149 பந்துக் கதையையும் சொன்னேன். எடுக்க வந்த மேனேஜரிடம் வர மாட்டேன் என்று சொன்னதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். யூனியன் சிட்டி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு, "அடுத்த நாள் கையத் தூக்கியிருக்க முடியாதேடா" என்றார்.

மறு வருடம், 2019 மே 15 அன்று, ஜாக்சன் பதினான்காவது அணிக்கு ஆடினார். எட்டு வருடம் முன்பு ஒரே நாளில் வாங்கி விற்ற அதே டொராண்டோ. அன்று ஆட்டம் நடந்தது எங்கள் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே. சாதனை அவருக்கு மட்டும் சொந்தமானது. பருவம் மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. அடி மேல் அடி. நடுவில் டொராண்டோ விட்டுவிட, டெட்ராய்ட் மறுபடி எடுத்தது. பெரிய லீக்கில் அதுதான் கடைசி. மொத்தம் 107 வெற்றி, 133 தோல்வி. தோற்றதுதான் அதிகம். அதை மறைத்து அவரை மேதை ஆக்க எனக்கு ஆசையில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்தார், இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-0 என்று தோற்று வெள்ளிப் பதக்கம். 2022 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். நாங்கள் உட்கார்ந்து பார்த்த கொலிசியத்தில் ஏ'ஸின் கடைசி ஆட்டம் 2024 செப்டம்பரில் முடிந்தது. பிலடெல்பியாவிலிருந்து கான்சாஸ் சிட்டி, அங்கிருந்து ஓக்லண்ட், இப்போது சாக்ரமெண்டோ என்று அணியே ஊர் மாறிவிட்டது.

2025 ஜூலையில் ரிச் ஹில் என்ற பிட்சர் நாற்பத்தைந்து வயதில் கான்சாஸ் சிட்டிக்கு ஆடி, பதினான்கு அணி என்கிற எண்ணில் ஜாக்சனோடு சேர்ந்துகொண்டார். அந்த வார இறுதியில் அப்பாவிடம் பேசும்போது சும்மா சொன்னேன். ஏழு வருடம் ஆகியிருந்தது, பேரெல்லாம் மறந்திருப்பார் என்று நினைத்தேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நாம பாத்தமே, அந்தப் பதிலி. அவரு இப்ப வீசறதில்லையா?"

"இல்லைங்கப்பா. ஓய்வு எடுத்துட்டாரு."

"கை நல்லா இருக்குதாமா அவருக்கு?"